பெயர் தெரியாத மீன்கள்

தியானப் பகுதி: யோவான் 10:1-16



போர்ட் பிளேரில் வாழும் தமிழ்ச் சபையார் நடத்திய மூன்று நாள் கூட்டங்களில் தேவசெய்தி அளிக்கும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிடைத்தது. கூட்டங்கள் முடிந்தபின் கையில் இரண்டு நாட்கள் மிஞ்சின. நம் சபையில் வளர்ந்த தம்பி ஒருவர் அங்கிருந்து கப்பலில் சென்றடையும் சுவராஜ் தீவில், நாம் முன்பு ஹேவ்லாக் என்று அறிந்திருந்த தீவில், கடலடிக்கு மக்களை அழைத்துச் செல்லும் பயிற்றுநராகப் பணிபுரிகிறார். அவருடைய தாத்தா மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர். பேரனோ முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்குப் பவளப்பாறைகளைக் காட்டுகிறார். "ஐயா, இவ்வளவு தூரம் வந்துட்டு மேலேயிருந்து பாத்துட்டுப் போனா எப்படி?" என்று அவர் தொலைபேசியில் அழைத்தபோது, ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு இது தேவையா என்ற தயக்கம் எழாமல் இல்லை. மருத்துவரிடம் சான்று பெற்றுக்கொண்டு புறப்பட்டேன்.

இடுப்பளவு நீரில் முதலில் பயிற்சி. வாயில் பொருத்திய குழாயின் வழியே மூச்சுவிடுதல், முகமூடிக்குள் புகுந்த நீரை வெளியேற்றுதல், ஆழம் கூடக்கூடக் காதை அழுத்தும் வலியைத் தணிக்க மூக்கைப் பிடித்து மெல்லக் காற்றை உந்துதல் ஆகியவற்றை அவர் பொறுமையாகக் கற்பித்தார். முதன்முறையாக இறங்குவோரைப் பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே அழைத்துச் செல்வதில்லை. நாங்கள் எட்டு மீட்டர் வரைதான் சென்றோம். அரைமணி நேரத்துக்கும் சற்று மேலாக அங்கே இருந்தோம். நான் கண்டது வேறோர் உலகம். சங்கீதக்காரர் 104ஆம் சங்கீதத்தில் பெரிதும் விசாலமுமான கடலைப் பாடியது என் உள்ளத்தில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

படகில் ஏறியதும் அந்தத் தம்பி கேட்டார்: "என்ன பாத்தீங்க ஐயா?"

"ஏராளமான மீன்கள் தம்பி. எத்தனை வண்ணங்கள்!"

"என்னென்ன மீன்?"

விழித்தேன். மஞ்சளாகச் சில, நீலமாகச் சில, கோடு போட்டவை சில என்றேன். அவர் சிரித்தார். தாம் மட்டும் நாற்பது வகைக்கு மேல் எண்ணியதாகச் சொல்லிவிட்டு, குறைசொல்லும் தொனி சிறிதுமின்றி ஒரு வார்த்தை சொன்னார்: "கூட்டத்தைப் பாத்திருக்கீங்க ஐயா. ஆளைப் பாக்கல."

அந்தச் சொல் என்னை ஏன் அவ்வளவு ஆழமாகத் தைத்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

அன்று மாலை, மீன்களின் படங்கள் அச்சிட்ட ஓர் அட்டையை அவர் என்முன் வைத்து, அடையாளம் காணும் முறையைக் கற்பித்தார். "நிறத்தை நம்பாதீங்க" என்பதே முதற்பாடம். சூரிய ஒளியில் உள்ள சிவப்பைக் கடல்நீர் விரைவில் விழுங்கிவிடுகிறது. பத்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவந்த மீன் சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ தோன்றும். அருகே சென்று விளக்கைப் பிடித்தால்தான் அதன் மெய்யான நிறம் திரும்ப வருகிறது. கண்முன் இருக்கும் முகமூடிக் கண்ணாடியும் நம்மை ஏமாற்றுகிறது. அதன் வழியே காண்பவை யாவும் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், அருகில் இருப்பதாகவும் தெரிகின்றன. ஆகவே முதலில் உடலின் வடிவம், அடுத்து வாலின் அமைப்பு, பின்பு வாய் இருக்கும் இடம், அதன்பின் கோடுகளும் புள்ளிகளும், எல்லாவற்றுக்கும் மேலாக அது என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பாறையைக் கொரிக்கிறதா, மணலைக் கிளறுகிறதா, தனியே திரிகிறதா, இணையோடு உலவுகிறதா? நடத்தையைப் பார்த்தவன் பெயரைத் தவறவிடமாட்டான் என்றார்.

இரண்டு மீன்களின் படங்களைக் காட்டி வேறுபாடு கேட்டார். இரண்டும் தட்டையான உடலுடையவை. இரண்டுக்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். இரண்டின் முதுகிலும் கொடிபோல் நீண்டு பறக்கும் வெண்ணிறத் துடுப்பு. எனக்கு அவை ஒன்றாகவே தெரிந்தன. "வாலைப் பாருங்க ஐயா" என்றார். ஒன்றுக்கு வால் மஞ்சள், மற்றதற்குக் கறுப்பு. மஞ்சள் வால் உடையது கொடிமீன், வண்ணத்துப்பூச்சி மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. கறுப்பு வால் உடையது மூரிஷ் ஐடல் எனப்படும் மீன். அதற்கு உறவினர் எவரும் இல்லை. தன் குடும்பத்தில் இன்று வாழும் ஒரே இனம் அதுதான். பார்வைக்கு ஒருதாய்ப் பிள்ளைகள். மெய்யாகவோ வெவ்வேறு வீட்டார்.

இதற்கு நேர்மாறானதையும் காட்டினார். கருநீல உடலில் வெண்ணிற வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாய் அமைந்த ஒரு சிறு மீன். மஞ்சளும் நீலமுமான கோடுகள் நெடுக ஓடும் ஒரு பெரிய மீன். இவை இரண்டும் ஒரே மீன் என்றால் நம்புவீர்களா? முதலாவது எம்பரர் ஏஞ்சல் மீனின் குஞ்சு. மற்றது வளர்ந்த மீன். முற்காலத்தில் அறிஞர்களே ஏமாந்து, குஞ்சைத் தனி இனமாகக் கருதி, நிக்கோபார் தீவின் பெயரால் அதற்கு வேறு பெயரும் சூட்டியிருந்தார்கள். வாலிபப் பிள்ளைகளின் இன்றைய கோலத்தை மட்டும் பார்த்துவிட்டு, இவன் இப்படிப்பட்டவன் என்று முடிவுகட்டும் நம்மைப் போன்ற பெரியவர்கள் இம்மீனைச் சற்று நினைத்துக்கொள்வது நல்லது.

மற்றுமொரு இணை என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. பவளப்பாறைகளில் விரல் நீளமே உள்ள துப்புரவு மீன் ஒன்று வாழ்கிறது. நீல உடலில் கரிய கோடு. அது தன் இடத்தில் நின்று ஒருவகை நடனம் ஆட, களவா போன்ற பெரிய மீன்கள் வந்து வாயைத் திறந்து அசையாமல் நிற்கும். இது உள்ளே புகுந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தி எடுத்து வெளிவரும். விழுங்கிவிடக்கூடிய வாய்க்குள் அச்சமின்றிச் செல்லும் அந்த ஊழியத்தை மறுநாள் நான் நேரில் கண்டேன். ஆனால் இதே நிறமும், இதே கோடும், இதே நடனமும் கொண்ட போலி மீன் ஒன்றும் உண்டாம். நம்பி வருகிற மீனின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடிவிடுமாம். எப்படி வேறுபடுத்துவது என்று கேட்டேன். "வாய் இருக்கிற இடம் ஐயா. நல்லதுக்கு மூக்கு நுனியில வாய். போலிக்கு அடியில ஒளிஞ்சிருக்கும்." மலைப்பிரசங்கத்தில் கள்ளத்தீர்க்கதரிசிகளைக் குறித்து ஆண்டவர் எச்சரித்ததை இருபத்தைந்து ஆண்டுகளாகப் போதித்து வருகிறேன். அதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை எந்த நூலிலும் நான் கண்டதில்லை.

மறுநாள் மீண்டும் இறங்கினோம். இம்முறை நான் எதையும் துரத்தவில்லை. ஒரே பாறையின் முன் மூச்சைச் சீராக விட்டபடி மிதந்துகொண்டு காத்திருந்தேன். விரைந்து நீந்துகிறவனிடமிருந்து கடல் தன் பிள்ளைகளை ஒளித்துக்கொள்கிறது. அசையாதிருப்பவன்முன் ஒவ்வொருவராக வெளியே அனுப்புகிறது. வெறும் பொந்து என்று நான் எண்ணியதிலிருந்து அஞ்சாலை தலை நீட்டிற்று. கிளிமீன் பாறையைச் சுரண்டித் தின்னும் ஓசை தெளிவாகக் காதில் விழுந்தது. அது அரைத்து வெளியேற்றுவதும் சேர்ந்துதான் இத்தீவுகளின் வெண்மணலாகிறது. மூரிஷ் ஐடல் இரண்டு கடந்து சென்றபோது அவற்றின் வாலைப் பார்த்தேன்; கறுப்பு. நீருக்கடியில் நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பெயர் தெரிந்த ஒன்றைக் கண்டதும் அந்நிய நாட்டில் நம் ஊராரைச் சந்தித்தது போலிருந்தது.

அப்பொழுது நிலைகுலைந்து, அருகிலிருந்த ஒரு கல்லில் கையை ஊன்றப் போனேன். தம்பி என் மணிக்கட்டை இறுகப் பற்றி இழுத்தார். பிறகு விரலை நீட்டிக் காட்டினார். பாசி படிந்த கல்லாகத் தெரிந்த அதில் ஒரு கண் இருந்தது. கீழ்நோக்கி வளைந்த ஒரு வாயும் இருந்தது. அது கல்மீன். அதன் முதுகு முட்களில் கொடிய நஞ்சு உண்டு. அடையாளம் காணத் தெரிந்த ஒருவர் அருகில் இருந்ததால் அன்று என் கை தப்பியது.

பிரியமானவர்களே, இனி அந்தப் பழைய காரியத்துக்கு வருகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, நம் சபையின் மூதாட்டி ஒருவருடைய அடக்க ஆராதனையை நான் நடத்தினேன். பல ஆண்டுகளாக ஞாயிறு தவறாமல் கடைசி வரிசையில், வாசலோரத்தில் அமர்ந்திருந்தவர் அவர். ஆசீர்வாதம் கூறி முடித்ததும் எழுந்து போய்விடுவார். கல்லறையின் அருகே நின்று நான் மூன்று முறை பெயர் சொல்லி ஜெபித்தேன். அது அவருடைய பெயர் அன்று; அவருக்கு முன்னரே இறந்துபோன அவருடைய அக்காளின் பெயர். "அது பெரிய பாட்டி பேரு" என்று ஒரு குழந்தை முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அப்போதாவது நான் நிறுத்தித் திருத்தியிருக்கலாம். செய்யவில்லை. கேளாதவன் போல ஜெபத்தைத் தொடர்ந்தேன். அறியாமல் செய்தது தவறு. அறிந்தபின் மறைத்தது பாவம். அந்தக் குடும்பத்தார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் அவர்கள் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு வாய்ப்பையும் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன்.

கல்லறையின் மறுபுறத்தில் கயிற்றைப் பிடித்துப் பெட்டியை இறக்கிய பேரன்தான் என் கையைக் கல்மீனிடமிருந்து காத்த இந்தத் தம்பி.

இரண்டாம் நாள் படகு கரைக்குத் திரும்பியபோது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஈரத்துண்டைப் பிழிந்து உலர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "தெரியும் ஐயா. அன்னைக்கு ராத்திரி அம்மா ரொம்ப அழுதாங்க" என்றார். சற்றுநேரம் கழித்து, "பாட்டி பேரு நிறைய பேருக்குத் தெரியாது. சங்குக்காரர் வீட்டம்மான்னுதான் ஊர்ல சொல்லுவாங்க. நீங்க ஊருக்குப் போனதும் அம்மாட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார்.

பின்பு அவர் தம் பாட்டியைக் குறித்துப் பேசினார். மீன்களைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது தாத்தா அல்லவாம், பாட்டிதானாம். ஓராவும் விளைமீனும் நகரையும் எது எது என்று, கூடையில் கிடந்ததை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவாராம். "வெள்ளையாத் தேடுனா சங்கு கிடைக்காது" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தையாம். நாம் காணும் வெண்சங்கு கடலின் அடியில் வெண்மையாக இராது. பழுப்பு நிறத் தோல் ஒன்று அதை முழுவதும் மூடியிருக்கும். பாதி உடல் மணலில் புதைந்திருக்கும். அது ஊர்ந்த தடத்தைக் கண்டு பின்தொடர்ந்தவனுக்கே அகப்படும். இத்தனை அறிவுடைய ஒருவர் என் கண்முன் ஆண்டுக்கணக்காய் அமர்ந்திருந்தார். நானோ வெள்ளையாய்த் தெரிந்த சங்குகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்: முன்வரிசையார், குழு உறுப்பினர், பாடகர் குழுவினர், நன்கொடையாளர்.

ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் ஆதாம் உயிரினங்களுக்குப் பெயரிடும் காட்சியை நீங்கள் அறிவீர்கள். அங்கே நாட்டு மிருகங்களும் காட்டு மிருகங்களும் பறவைகளும் சொல்லப்படுகின்றன, மீன்கள் சொல்லப்படவில்லை. அந்தப் பணி பிற்காலத்தாருக்கு மிச்சம் வைக்கப்பட்டதுபோலும் என்று நான் புன்னகையோடு நினைப்பதுண்டு. நம் தமிழகத்து ஆயர் ஒருவரே அதில் பங்கேற்றிருக்கிறார். 1771இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1813இல் மரிக்கும்வரை ஊழியம் செய்த மிஷனெரி கிறிஸ்தோப் சாமுவேல் ஜான், சோழமண்டலக் கரையின் மீன்களைச் சேகரித்து, பெர்லினில் இருந்த யூத மருத்துவரும் மீனியல் அறிஞருமான மார்க்குஸ் எலியேசர் பிளாக் என்பவருக்கு அனுப்பினார். நாம் கத்தாளை என்றழைக்கும் மீன்களின் ஒரு பேரினத்துக்கு பிளாக் 1793இல் அவர் பெயரால் 'ஜானியஸ்' என்று பெயரிட்டார். அதில் ஓர் இனத்தின் பெயர் 'கருட்டா'. 'கறுத்த கத்தாளை' என்ற நம் மீனவரின் சொல்லே அவ்வாறு சென்று சேர்ந்தது. அந்த ஆயர் இம்மீனின் பெயரைத் தெரிந்துகொள்ள யாரோ ஒரு மீனவரின் கூடை அருகே நின்று கேட்டிருக்க வேண்டும் அல்லவா?

அடையாளம் காணக் கற்றவனுக்கே இழப்பும் தெரிகிறது. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நம் மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்று. அவற்றுள் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. சுற்றியிருந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பல காலம் வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2010இலும் 2016இலும் கடல்நீர் மிகுதியாகச் சூடேறியபோது, மன்னாரிலும் அந்தமானிலும் பவளங்கள் வெளிறிப்போயின. பவள உயிரிகளின் உடலுக்குள் குடியிருந்து அவற்றுக்கு உணவும் நிறமும் தருபவை நுண்ணிய பாசிகள். வெப்பம் தாளாதபோது அந்த உறவு முறிந்து, பவளம் எலும்பாய் வெளுக்கிறது. மேலோட்டமாகப் பார்ப்பவன் அது செத்துவிட்டது என்பான். அந்தத் தம்பி அப்படிச் சொல்லவில்லை. "வெளுத்தது வேற, செத்தது வேற ஐயா. வெளுத்ததுக்குள்ள இன்னும் உசிரு இருக்கும். சீக்கிரமா தண்ணி குளுந்துச்சுன்னா திரும்பிரும். நாளாச்சுன்னாத்தான் செத்து, மேல பாசி படியும்."

இதைக் கேட்டபோது நம் சபையில் சிலரின் முகங்கள் என் நினைவுக்கு வந்தன. ஒரு காலத்தில் உற்சாகமாய்ப் பாடியவர்கள். இப்போது நிறமிழந்து வந்து அமர்ந்து போகிறவர்கள். அவர்களைப் பின்வாங்கிப்போனவர்கள் என்று நாம் சொல்லிவிடுகிறோம். அவர்கள் வெளுத்தவர்களாக இருக்கலாம், மரித்தவர்கள் அல்லர். அவர்களைச் சூழ்ந்திருக்கும் நீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று நாம் என்றாவது கேட்டிருக்கிறோமா? காலம் கடப்பதற்குள் கேட்க வேண்டாமா?

ஊர் திரும்பிய மறுநாள் அந்தத் தாயாரின் வீட்டுக்குச் சென்றேன். வழியெல்லாம் ஆயத்தப்படுத்திய வார்த்தைகள் வாசற்படியில் மறந்துபோயின. தவறை ஒப்புக்கொண்டேன். அவர் அழவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. காப்பி கொடுத்தார். உள்ளே சென்று, பழுப்புத் தோல் இன்னும் உரியாத ஒரு சங்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "அம்மா வச்சிருந்தது ஐயா" என்றார். பின்பு, "ஒரு தடவை பேரைச் சொல்லி ஜெபிச்சிட்டுப் போங்க" என்றார். ஜெபித்தேன். இம்முறை சரியாகச் சொன்னேன். அவர் "ஆமென்" என்றபோது குரல் உடைந்தது. அவருடையது மட்டுமல்ல, என்னுடையதும்.

அம்மூதாட்டியின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. ஆனால் என் ஜெபக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அது இருக்கிறது. இப்பொழுது ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்குப் பின் மூன்று பேருடைய பெயரையும், அவர்களைக் குறித்து அன்று நான் புதிதாய் அறிந்த ஒரு காரியத்தையும் அதில் எழுதி வருகிறேன். நீங்களும் இந்த வாரம் இதைச் செய்து பாருங்கள். நீங்கள் வழக்கமாய் அமரும் இடத்துக்கு முன்னும் பின்னும் இருப்பவர்களில், முகம் தெரிந்தும் பெயர் தெரியாதவர் ஒருவர் நிச்சயமாக இருப்பார். துரத்த வேண்டாம், தீர்ப்பிடவும் வேண்டாம். அருகே நின்று கேளுங்கள்.

உயிர்த்தெழுந்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணிய மரியாள், அவர் தன் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அவரை அறிந்துகொண்டாள். நல்ல மேய்ப்பருக்கு மந்தை என்பது வெறும் கூட்டம் அன்று. ஒவ்வோர் ஆட்டின் பெயரும் அவருக்குத் தெரியும். அவர் பெயரால் மேய்க்கிற எனக்கும், அவர் மந்தையாகிய உங்களுக்கும் இது மிஞ்சியிருக்கிற பாடம்.

ஜெபம்: ஆழங்களையும் அவற்றில் உள்ள யாவற்றையும் உண்டாக்கிய பரம பிதாவே, எங்களைப் பெயர்சொல்லி அறிந்திருக்கிறபடியால் உமக்கு ஸ்தோத்திரம். நாங்கள் கூட்டமாகவே கண்டு கடந்துபோன மனிதர்களுக்காக எங்களை மன்னியும். வெளிறிப்போன உள்ளங்களுக்கு இளைப்பாறுதல் தாரும். அருகே சென்று பார்க்கும் பொறுமையையும், தவறியபோது திரும்பிப் போய் அறிக்கையிடும் தைரியத்தையும் எங்களுக்குத் தந்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.